ஸ்டோயனுக்கு ஒரு கேக்

"நீர் ஆற்றை மகன்?" என்று கேட்டுக்கொண்டேதான் கொறற்றி அக்கா தேத்தண்ணீரை நீட்டுவார். யாருடைய பிள்ளை என்ற பதில் வரும்வரை கோப்பையை விடமாட்டார். ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்குத் துணி வெளுக்கும் வேலை. அங்கும் இதே விசாரணைதான்.

மன்னாரிலிருந்து வந்த அக்காவுக்கு ஜெர்மன்காரர் சட்டென்று பிடிபட்டார்கள். நம்மைப் போலத் தகப்பன் பெயரையும் சேர்க்கிற சனம், பின்னால் போடுகிறார்கள், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார். பல் வைத்தியர் கிளைனிடம், அப்பா கிளைன் சுகமா என்று கேட்டார். தகப்பனும் கிளைன்தானே, சுகம் என்றார் வைத்தியர். வந்த நாள்தொட்டு அந்தக் கணக்கு எவரிடமும் பிசகவில்லை.

மகள் அஜிதா தான் விரும்பிய பல்கேரியப் பையன் பிளாமென் ஸ்டோயனோவைக் கூட்டி வந்தாள். ரயில்பெட்டி திருத்துகிறவன். ஸ்டோயனோவ் என்றால் ஸ்டோயனுடையவன் என்று விளக்கினான்.

"அப்ப தகப்பன் ஸ்டோயன். அந்த மனுசனைப் பாக்காமல் நான் ஓம் சொல்லேலாது. ஆர் எவரெண்டு தெரியாத வீட்டிலை பிள்ளையைக் குடுக்கிறதே?"

அஜிதாவின் முகம் தொங்கிப்போனது.

பிளாமெனின் தகப்பன் சோபியாவிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மேசையில் நண்டுக் குழம்பு. நடுவில், சொல்லிச் செய்வித்த கேக்கில், 'நல்வரவு ஸ்டோயன்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தது.

"வாங்கோ, ஸ்டோயன் அண்ணை."

மனிதர் கேக்கைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார், அதுவும் அவர்கள் சபை வழக்கப்படி வலமிருந்து இடமாக. மகன் விளக்கினான்: அப்பாவின் பெயர் கியோர்கி. ஸ்டோயன் அப்பாவுடைய தாத்தா. செத்து எவ்வளவோ காலம். குடும்பம் மட்டும் அந்தப் பெயரிலேயே தங்கிவிட்டது.

அக்காவுக்குக் காது சுட்டது. செத்தவரை நல்வரவு சொல்லி அழைத்தாயிற்று, இனிச் சம்பந்தம் எங்கே? அஜிதா யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சை மாற்ற அக்கா, "அந்தப் பேருக்கு என்ன கருத்து?" என்று கேட்டுவைத்தார்.

ஸ்டோயனுக்கு முன் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லையாம். இதாவது நிலைக்கட்டும் என்று தாய் வைத்த பெயராம். நிற்பவன் என்று அர்த்தமாம்.

அக்கா கதிரையில் அமர்ந்தார்.

"என்ரை ஐயாவுக்குப் பேர் பிச்சை."

ஊரார் தகப்பன் பெயரையெல்லாம் கேட்கிறவர், தன் தகப்பனை ஊர் கூப்பிட்ட பெயரை ஜெர்மனியில் வாய்திறந்து சொன்னது இதுதான் முதல்தடவை.

"அம்மா, சூசை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது ஞானஸ்நானப் பேர். முந்திப் பிறந்ததெல்லாம் தவறிப்போச்சு. இவரை மாதா கோயில் வாசலிலை கிடத்தி, பிச்சையாய்க் கேட்டு வாங்கினவை. வெக்கத்திலை சொல்லேல்லை."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் கியோர்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தங்கள் ஊரென்றால் அக்கா 'பிச்சையோவா', பிச்சையுடையவள், என்றார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. மனம் இளகிவிட்டது.

கத்தியை எடுத்தார். பெயருக்கு மேல் கொண்டுபோன கை நின்றது. எழுத்தில் படாமல் ஓரத்தை மட்டும் வெட்டி, முதல் துண்டைப் பிளாமெனின் வாயில் தன் கையாலேயே ஊட்டினார்.