வற்றிய கடலுக்கு மறுபடியும்

எங்கள் பழைய உலகத்தை மறுபடியும் அச்சுப் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கிராஞ்சியில் செடி நர்சரி வைத்திருக்கும் நண்பன் அட்டைப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "பாத்தியா, வந்துருச்சு." எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நாங்கள் கெஞ்சிக் கேட்டபோதெல்லாம் காதில் வாங்காத கம்பெனி, எங்களுக்குத் தலை நரைத்த பிறகு தடித்த அட்டை போட்டு, பளபளவென்று கலரில் கொண்டுவந்து நீட்டுகிறது. அன்று சாயங்காலமே போய் வாங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது பலகையில் காய் நகர்த்தும் விளையாட்டு இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார், அவரை மாஸ்டர் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்" என்று நான் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். திறக்குமா, திறக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை நடக்கும் உலகத்தைக் கம்பெனிகள் புத்தகமாகப் போட்டு விற்கும். வரைபடம், ஊர்கள், ராஜாக்கள், சாமிகள் எல்லாம் அதில் இருக்கும்.

எங்களுடையது கடல் வற்றிப்போன உலகம். கப்பல்கள் எல்லாம் தரைதட்டிக் கிடக்கும், அந்தக் கப்பல்களுக்குள்தான் ஊரே. நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் வாராவாரம் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தோம். அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த காலம். தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடிதான் எங்கள் இடம். சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஏறிவிடுவோம். ஏதோ ப்ராஜெக்ட் செய்கிறோம் என்று கடைக்காரர் நம்பினார், நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

எங்கள் மாஸ்டர் ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துவிட்டுத் தமிழில் சொல்வான். அவன் வாயில் உப்பு வியாபாரி தேக்கா மார்க்கெட் மீன்கடைக்காரர் மாதிரி பேசுவார். ராஜா வந்தால் பள்ளிக்கூடத்துச் செந்தமிழ். புத்தகத்தில் இரண்டு வரியில் வந்துபோகிற ஒரு கிழவிக்கு அவன் அரை மணி நேரம் குரல் கொடுத்து, கடைசியில் அவள் செத்ததும் எங்களில் ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த ஒருத்தன் இன்று பூன் லேயில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கேட்டால் தூசி விழுந்தது என்பான். பிறகு கம்பெனி அந்த உலகத்தை நிறுத்திவிட்டது, நாங்களும் வேலை, கல்யாணம், வீடு என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

இப்போது எல்லாக் கம்பெனியும் பழைய உலகங்களைத் தோண்டி எடுக்கிற காலம். நம் வயசுக்காரர்களின் ஏக்கத்தை வைத்து வியாபாரம் பண்ணுகிறார்கள் என்று நான் முணுமுணுத்தேன். கிராஞ்சிக்காரன் விடவில்லை. "பண்ணிட்டுப் போறான் லா. நமக்கு வேண்டியது கிடைச்சிச்சா இல்லையா?" என்றான். கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த உலகத்துக்குக் குரல் கொடுத்தவனுக்குத்தான் இப்போது குரல் இல்லை.

மாஸ்டருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை, கால் பெரும்பாலும் தேறிவிட்டது. பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரியும். என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். சொல் மட்டும் வராது, வந்தால் ஒவ்வொன்றாக, முக்கி முனகி வரும். பேசப் பேசத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவனோ வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். "யாராச்சும் வந்தா ரூமுக்குள்ள போயிடறாரு அக்கா. எங்கிட்டயும் தலையத்தான் ஆட்டறாரு. இப்படியே இருந்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்று அவன் மனைவி போனில் சொன்னாள். அவன் ஊமையாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புத்தகத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். பிறகு எங்கள் மூன்று பேர் படத்தையும் போனில் எடுத்துக் காட்டி, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டானாம்.

உடனே நாங்கள் மூவரும் ஒரு உணவங்காடியில் கூடித் திட்டம் போட்டோம். மாஸ்டர் வேலை அவனுக்குச் சுமை, அதனால் கதையை நான் நடத்துவது. அவன் சும்மா ஆட்டக்காரனாக உட்காரட்டும். அவனுக்கு என்ன பாத்திரம் கொடுக்கலாம் என்று யோசித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த உலகத்தில் உப்பு மடம் என்று ஒன்று உண்டு. அங்கே இருக்கும் துறவிகள் சாகும்வரை பேசாமல் இருக்க விரதம் எடுத்தவர்கள். எல்லாம் சைகைதான், ஆனால் சண்டையில் பிய்த்து உதறிவிடுவார்கள். "அவன் ஒரு வார்த்தை பேச வேணாம். கதைப்படியே ஊமை" என்றேன். "சூப்பர் லா, ஸ்ட்ரெஸ்ஸே இருக்காது" என்றான் பூன் லேக்காரன். எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டோம்.

ஞாயிறு மத்தியானம் மாஸ்டர் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங் போனேன். அங்கே ஓடும் சின்ன ரயில் வீடுகளை ஒட்டிப் போகும்போது கண்ணாடி தானாக வெள்ளையாகி மங்கிவிடும், யார் வீட்டையும் எட்டிப் பார்க்க முடியாது. மங்கிய கண்ணாடியைப் பார்த்தபடி, என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாஸ்டர் சட்டையை இஸ்திரி போட்டு, சவரம் செய்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான்.

நான் மாஸ்டரின் தடுப்பு அட்டையை என் முன்னால் நிறுத்தினேன். உருட்டும் பகடை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்கிற அட்டை அது. பிறகு துறவியின் விவரங்கள் எழுதிய தாளை அவனிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்தான். "பேசா விரதம்" என்ற வரியில் அவன் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தாளைக் கவிழ்த்து வைத்து, மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டான்.

உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தட்டோடு வந்த அவன் மனைவி தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க? இந்த வாரம் பூரா பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகிட்டு இருந்தாரு. இன்னிக்குப் பேசணும்னு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மற்ற இரண்டு பேரும் கறிபாப்பை ஏதோ அதிசயம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். போச்சு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தப்போகிறான், இனி வெளியே வரவே மாட்டான் என்று நினைத்தேன். அவன் மேசையைச் சுற்றி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.

"எந்...திரி."

எழுந்தேன். அவன் உட்கார்ந்து தடுப்பு அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். துறவி பாத்திரத்தைத் தொட எனக்குக் கூசியது. வேறு தாளில் கப்பல் கொள்ளைக்காரி ஒருத்தியை அவசரமாக எழுதிக்கொண்டேன்.

ஆட்டம் ஆமை வேகத்தில் நடந்தது. "காத்து" என்றான். நாங்கள் காத்திருந்தோம். "உப்பு... காத்து. கண்ணு... எரியும்." கிராஞ்சிக்காரனுக்கு உதடு துடித்தது, வார்த்தையை எடுத்துக்கொடுக்கத் துடிக்கிறான் என்று தெரிந்து மேசைக்கு அடியில் அவன் தொடையைக் கிள்ளினேன். மாஸ்டர் ஒரு இடத்தில் தவறான சொல்லைச் சொல்லிவிட்டான். பூன் லேக்காரன் பெரிய மனசோடு அதையே ஏற்றுக்கொண்டு ஆடப்போனான். மாஸ்டர் மேசையைத் தட்டி, தலையை ஆட்டி, சரியான சொல் வரும்வரை எங்களை நகரவிடவில்லை. முன்பு போல விதவிதமான குரல்கள் இல்லை. ஆனாலும் அந்த வறண்ட இடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், என் நாக்கு உண்மையாகவே வறண்டது.

ஒரு பழைய கப்பல் வந்தது. உச்சியிலிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்க நான் பாய்மரத்தில் ஏறுகிறேன் என்றேன். "மரம்... உளுத்துப் போச்சு" என்று எச்சரித்தான். ஏறினேன். பகடையை உருட்டினேன், கேவலமாக விழுந்தது. அட்டைக்குப் பின்னால் அவனும் உருட்டினான். என்னைப் பார்த்தான்.

"செத்துட்ட."

"டேய், மொத நாளே ஏன்டா? விட்டுரு லா" என்றான் பூன் லேக்காரன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கவாதமாவது ஒன்றாவது, எல்லாம் மறந்துபோனது.

"அதெப்படிச் சாவேன்? இடுப்புல கயிறு கட்டிட்டுத்தானே ஏறுனேன்."

"சொல்...லல."

"சொன்னேன்."

"சொல்லல." இந்தத் தடவை திக்கவே இல்லை.

"காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே? ஏறும்போதே சொன்னேன்."

"கயிறு... இல்ல. நீ... அவசரம். எப்பவும்... அவசரக்குடுக்கை."

"யாரு, நானா? பகடையை அட்டைக்குப் பின்னால ஒளிச்சு உருட்டிட்டு என்னைச் சொல்றியா?"

அவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நான் ஒரு வாக்கியம் விட்டால் அவன் ஒரு சொல் விட்டான், நான் முடிப்பதற்குள் குறுக்கே பாய்ந்தான். சமையலறையிலிருந்து அவன் மனைவி கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றுவிட்டாள். கடைசியில் அவன் ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் வீசினான்.

"வேற ஆளு... எழுதிட்டு வா. அடுத்த... ஞாயிறு."

கிளம்பும்போது அவள் லிஃப்ட் வரை கூட வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கப்புறம் இவரோட யாருமே சண்டை போடல அக்கா" என்றாள்.

"நான் கயிறு கட்டித்தான் ஏறுனேன். போய் அவன்கிட்டச் சொல்லு" என்றேன்.