ஸ்டெல்லாவின் பெயர் இல்லாத விண்ணப்பம்

பெங்களூரில் பீன்யா போகும் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது பொறியாளர் ஹரீஷிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வரி. "ஸ்டெல்லா இன்று காலை தவறிவிட்டார். வியாழக்கிழமை ஹியரிங்கைத் தள்ளிவைக்கக் கேட்க வேண்டுமா?" நான் இரண்டாவது வரிக்குத்தான் பதில் எழுதினேன். "வேண்டாம்." அடுத்த நிலையம் வந்த பிறகுதான் முதல் வரி உறைத்தது. அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஸ்டெல்லா அக்காவை என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரே கிடங்கில் அவருடன் ஷிஃப்ட் பார்த்தவர்கள் நீங்கள். நான் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதுபவன். உயரத்தில் சரக்கைத் தூக்கிய ஃபோர்க்லிஃப்ட் திசை மாறும்போது குலுங்காமல் இருக்க உங்கள் நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டு முறை செய்திருந்தது. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அதை ஏற்கவில்லை. துறையறிந்த எவருக்கும் இது தோன்றியிருக்கும் என்று எழுதியிருந்தார். அதற்கு நான் மறுப்பு எழுத வேண்டும். எனக்கோ வண்டி எப்படிக் குலுங்கும் என்றே தெரியாது. அதனால், இதற்கெல்லாம் முன்பு, முதல்முறையாகப் பீன்யா கிடங்குக்கு வந்தேன்.

"இவரா லாயரு?" என்றார் ஸ்டெல்லா அக்கா, ஃபோர்க்லிஃப்ட் இருக்கையிலிருந்து இறங்காமலே.

"லாயர் இல்லக்கா. பேட்டன்ட் ஏஜென்ட்."

"எதுவோ. மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு. உன் காலு மேல ஏத்திட்டா அதுக்கும் நீதான் எழுதணும்."

முதலில் பழைய முறையில் ஓட்டினார். வண்டி நின்றது. மேலே மரப்பலகையில் அடுக்கிய பெட்டிகள் நிற்கவில்லை. அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்த வண்டியின் தூண் முன்னே சாய்ந்து பின்னே வந்தது. "பாத்தியா, தலையாட்டுது. நாம நின்னுட்டோம், அது இன்னும் நிக்கல." அடுத்து, வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்துவிட்டுத் தன் காலால் மட்டும் ஓட்டினார். நிறுத்தினார். ஒரு மூச்சு. பின்னால் எடுத்தார். பெட்டிகள் அசையவில்லை.

"சரக்கு திரும்பி வரும். அப்ப நீயும் திரும்பு. அதுக்கு முந்தியும் வேணாம், பிந்தியும் வேணாம்."

அரைப் பக்கம் நீளும் எங்கள் முதல் உரிமைக்கோரல் சொல்வது இதைத்தான். வேறொன்றுமில்லை.

கேன்டீனில் கேட்டேன், இதை முதலில் சொன்னது யார் என்று. அக்கா ஹரீஷைக் காட்டினார். "இவங்க வந்து, திரும்பறதுக்கு முன்னாடி எத்தன செகண்ட் நிக்கணும்னு கேட்டாங்க. செகண்ட எண்ணாத, மேல பாருன்னேன். தூணு மேல ஒரு கண்ணு மாட்டு, ஆட்டம் திரும்பும்போது அது வண்டிக்குச் சொல்லட்டும்னேன். மாட்டிட்டாங்க." ஹரீஷ் சிரித்தார். "அக்கா டெஸ்ட் டிரைவர். டேட்டா குடுத்தாங்க." விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. "கண்டுபிடித்தவர்?" என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கேள்விக்குறி அப்படியே கிடந்தது.

"என் வண்டியைப் பற்றி என்ன எழுதினாய், படித்துக் காட்டு" என்று அக்காதான் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்ஸ் டவுனில், பூசை முடிந்து சர்ச் எதிரிலுள்ள பேக்கரியில் உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் இருந்த என் மறுப்பைத் தமிழில் சொன்னேன். "துறையறிந்த ஒருவர் தம் வழக்கமான அறிவைக் கொண்டு இந்த முறையை எட்டியிருக்கவே முடியாது."

"துறையறிந்தவர்னா யாரு?"

"இந்த வேலை நல்லாத் தெரிஞ்சவங்க. ஆனா புதுசா எதுவும் தோணாதவங்கன்னு சட்டம் நெனச்சுக்கும்."

"அப்ப நானு."

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தோணவே தோணாதுன்னு எழுதியிருக்க. நல்லா இருக்குடா தம்பி உன் நியாயம்." பஃப்ஸ் துகள் மேசையெல்லாம் சிதறச் சிரித்தார். பேனாவை வாங்கி அந்த வரிக்கு நேரே, விளிம்பில், ஒரு சொல் எழுதினார். பிறகு சிரிக்காமல் கேட்டார். "பேரு போட முடியுமா? என் பொண்ணு அனிதா அவ காலேஜ்ல காட்டுவா."

"ஹியரிங் முடியட்டும்க்கா. அப்புறம் பாக்கலாம்."

"சரி சரி. சும்னே கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். என்னிடம் காரணங்கள் இருந்தன. இடையில் ஒரு பெயரைச் சேர்த்தால் கேள்வி வரும். நிறுவனம் முகம் சுளிக்கும். நான் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். எல்லாம் சரியான காரணங்கள். அதுதான் உறங்க விடவில்லை.

அடக்கத்துக்கு வந்தேன். உங்களுக்குப் பின்னால் நின்றேன். வியாழக்கிழமை ஹியரிங்கில், திரையில் அதிகாரியின் முகம். "அனுபவமுள்ள ஓட்டுநர் எவரும் செய்வதுதானே இது?"

"எவரும் செய்வதில்லை" என்றேன்.

பொய் இல்லை. ஒருவர் செய்தார் என்று தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை. அதிகாரி தலையசைத்தார். எழுத்தில் விளக்கம் தரப் பதினைந்து நாள் கொடுத்தார். காப்புரிமை கிடைத்துவிடும் என்றுதான் தோன்றியது. கிடைத்துவிட்டால் புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கக் கேட்க முடியாது.

அன்றே ஹரீஷை அழைத்து, அக்கா பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"இப்ப எதுக்கு? அவங்களே இல்லையே."

"அதனாலதான்."

ஹரீஷ் குரலைத் தாழ்த்தினார். "மேல பாருன்னு அவங்க சொன்னப்ப நான் மட்டுமா இருந்தேன்? அரைக் கிடங்கே கேட்டுட்டு நின்னுச்சு. யாராவது எழுதிக் குடுத்தா நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அனிதா தன் அம்மாவின் சார்பில், பெயர் சேர்க்கக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அன்று அங்கே இருந்தவர்கள், அவர் சொன்னதைக் காதால் கேட்டவர்கள், இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனிதாவிடம் கொடுங்கள். கன்னடமோ தமிழோ, எதுவானாலும் சரி. கம்பெனிக்குப் பயந்தால், பயப்படுவது நியாயம்தான். எனக்கும் பயமாக இருக்கிறது. இதைப் பார்த்தால் என் அலுவலகம் என்ன சொல்லும் என்று தெரியாது. சரக்கு திரும்பி வரும் நேரம் ஒன்று உண்டு என்றார் அக்கா. நான் ஒரு முறை தவறவிட்டேன்.

பேக்கரியில் படித்த அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. எண்ணெய்க் கறை பட்டது. காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும் பிரதியில் விளிம்புகள் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் இதைத் தாக்கல் செய்ய முடியாது. துறையறிந்த ஒருவருக்குத் தோன்றாது என்ற என் வரி. அதற்கு நேரே, பள்ளியில் கன்னடம் படித்தவரின் உருண்டையான கன்னட எழுத்தில், அவருடைய பதில்: நானு.