ஒளித்துப் பார்த்த இரண்டு நாள்

கனடாவிலிருந்து வந்த என் தம்பி, என் மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு வி.ஆர். ஹெட்செட் கொடுத்தான். கண்களை மறைத்து மாட்டிக்கொண்டால் வேறோர் உலகம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் அறைக்குள் நின்றபடியே அவள் மலையேறினாள், பந்தடித்தாள், முகம் தெரியாதவர்களோடு கதைத்தாள். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு நெஞ்சுக்குள் இடித்தது.

அவள் காண்பதை என் போனிலும் பார்க்கலாம் என்று தம்பி காட்டித் தந்திருந்தான். "அவளுக்குச் சொல்லிப்போட்டுப் பாரும்" என்றார் கணவர். நான் சொல்லவில்லை. பின்னேரங்களில் குசினியில் பருப்பை அவியவைத்துவிட்டு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் ஒரு நீலக் கரடி அவளருகே வந்தது. உருவம்தான் பொம்மை, குரல் வளர்ந்த ஆணுடையது. அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில் கூவிக்கொண்டு போனது. வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஓடுகிறதா, எந்த ஊர் என்று கரடி ஆங்கிலத்தில் கேட்டது. அகப்பையோடு அறைக்கு ஓடப் பார்த்தேன். அதற்குள் அவள் பதில் சொல்லாமல் எதையோ அழுத்த, கரடி மறைந்தது. விளையாட்டை நடத்துபவர்களுக்கு முறைப்பாடும் அனுப்பினாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது, ஒன்றும் தெரியாதவள்போல, "இண்டைக்கு என்ன விளையாடினனீ?" என்றேன்.

"நீங்கள்தானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்." கோப்பையை வைத்தாள். "ஆரும் பாத்தா உள்ளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரியும் அம்மா. நேற்றே கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்களே சொல்லுவீங்களெண்டு இருந்தனான்."

கரடியைப் பற்றி நான் தொடங்கவும் அவள் கண் கலங்கியது. கரடிக்காக இல்லை. "நேற்று என்ர ஃபிரெண்ட் தன்ர வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல வந்தவள். நீங்கள் கேட்டுக்கொண்டு இருப்பீங்களெண்டு, இப்ப வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். அவள் கோவிச்சுக்கொண்டு போட்டாள்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னிலதான் பிழை, பிள்ளை" என்றேன். அவள் எழுந்து போனாள். மூன்று நாள் ஹெட்செட் அலுமாரிக்கு மேல் கிடந்தது.

நாலாம் நாள் அவளே ஒரு முடிவோடு வந்தாள். தெரியாதவர்கள் வரும் விளையாட்டென்றால் ஹோலில், டீவியில் எல்லாரும் பார்க்க விளையாடுவாள். சிநேகிதிகளோடு மட்டும் என்றால் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் பார்க்கக் கூடாது. "பயமா இருந்தா கதவில தட்டிக் கேளுங்கோ" என்றாள். ஓம் என்றேன்.

அந்தச் சிநேகிதி சமாதானமாக ஒரு கிழமை எடுத்தது. அன்று சாத்திய கதவுக்குப் பின்னால் நெடுநேரம் பேச்சுச் சத்தம். நான் ஹோலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.