எழுநூறு முந்நூற்றைம்பது ஆன கதை

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பொறுமையக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. எதற்கு வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பெரிய கணினிகளில் ஒரு கணக்கைப் போட்டால் நம் முறை வருவதற்கே மூன்று நாலு நாள் ஆகும். முறை வந்து, கணக்கு முக்கால்வாசி ஓடியபின் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. மற்றவர்கள் மேசையைக் குத்துவார்கள். அவள் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு, "போச்சா? சரி, திரும்ப விடுவோம்" என்பாள்.

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடமே அவளும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அப்போது வயது நாற்பத்திரண்டு. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று நிறுத்தத்தில் யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"வீட்டுத் தரகர் வேலை. சோடியத்துக்கு வீடு பாக்குறா. அதுவும் வீட்டைக் கட்டுறதுக்கு முன்னாடியே, கம்ப்யூட்டர்ல குடி வெச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுவா."

கேலிதான் என்றாலும் அதில் பிசகு ஒன்றும் இல்லை. கைப்பேசிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. லித்தியம் அரிது; சோடியமோ கடலுப்பிலேயே கிடக்கிறது. ஆனால் ஆள் கொஞ்சம் பருமன். மின்னேற்றும்போது லித்தியம் போய்த் தங்கும் இடம் ஆனோடு. அது பெரும்பாலும் பென்சில் கரிதான். அந்தக் கரி சோடியத்தை உள்ளே விடுவதில்லை. சோடியத்துக்கென்று வேறு ஆனோடு தேட வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு சோடியத்தைத் தாங்கும் என்று, அணு அணுவாக வைத்துக் கணினியில் கணக்கிடுவதே அவள் வேலை.

மூன்றாம் வருடம் அவளுக்கு ஒரு பொருள் அகப்பட்டது. கார்பனும் பாஸ்பரசும் கலந்த, ஓர் அணு கனமே உள்ள தாள். அதன் இரண்டு பக்கமும் சோடியத்தை அடுக்கிப் பார்த்தாள். முதல் அடுக்கு ஒட்டியது. அதன்மேல் இரண்டாவது அடுக்கும் ஒட்டியது. கிராமுக்கு எழுநூறு மில்லி ஆம்பியர்-மணி என்று கொள்ளளவு வந்தது. முந்நூறு வந்தாலே கைதட்டும் இடத்தில் எழுநூறு. அவளைவிட ஏழெட்டு வயது இளையவரான குழுத் தலைவர் அந்த எண்ணை வெள்ளைப் பலகையில் எழுதிக் கட்டம் போட்டார். அடுத்த மாத மாநாட்டில் பேச அவள் பெயரையும் கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து உலைக்காரர் மாடிக்கு ஏறி வந்தார். கீழ்த்தளத்தில் குழாய் உலைகளைப் பார்த்துக்கொள்பவர். தலைவர் சொல்லும் பொருளையெல்லாம் பொடியாக்கி, சுட்டு, பேட்டரியாகச் செய்து தருவது அவர்தான். மூச்சு வாங்க அவள் மேசையருகே நின்றார்.

"அக்கா, இந்தத் தாளைச் செய்யணும்னு சார் சொல்றாரு. பாஸ்பரஸ் லேசுப்பட்ட ஆளு இல்ல, கொஞ்சம் காத்து பட்டாலும் பத்திக்கும். மூணு வாரம் நான் உலை பக்கத்துலயே கெடக்கணும். எழுநூறுன்னு நம்பி எறங்கலாமா?"

நம்பலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவருடைய முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

"திங்கக்கெழம சொல்றேன் தம்பி. இன்னொரு தடவ பாத்துடறேன்."

முதல் கோப்பிலிருந்து வரிவரியாகப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகும் நேரத்தில் அது கண்ணில் பட்டது. தாளில் ஒட்டும் சோடியத்தை அவள் எதனோடு ஒப்பிட்டிருக்கிறாள்? வெட்டவெளியில் தன்னந்தனியாக மிதக்கும் ஒற்றை அணுவோடு. ஆரம்பத்தில் பழகுவதற்காகப் போட்ட கோப்பு, மாற்ற மறந்திருக்கிறாள். தனியாக நிற்கும் அணு எதில் வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக்குள் அதற்கு வேறு போக்கிடம் உண்டு. சோடிய அணுக்கள் தாளே வேண்டாமென்று தங்களுக்குள் கூடி உலோகக் கட்டியாகிவிடலாம். ஒப்பிட வேண்டியது அந்தக் கட்டியோடு.

ஒப்பிடும் எண்ணை மாற்றிப் போட்டாள். முதல் அடுக்கு தாளிலேயே நின்றது. இரண்டாவது அடுக்கு நிற்கவில்லை. எழுநூறு, முந்நூற்றைம்பது ஆனது.

வீட்டில் கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு நூலைக் கடித்தார்.

"வெளிய யாருக்காவது தெரியுமா?"

"எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப திங்கக்கெழம காலைல மொத வேலையா சொல்லிடு. லேட்டா சொன்னா அது வேற கதையாயிடும்."

"பேரு ரிப்பேராயிடுமேங்க."

"நான் தப்பான ரூட்ல திரும்பி, பஸ்ஸோட ரிவர்ஸ் எடுத்துருக்கேன். நாப்பது பேரு உள்ள பாத்துட்டு இருந்தாங்க. மறுநாளும் அதே நாப்பது பேருதான் ஏறினாங்க."

திங்களன்று தலைவர் அறையில் நின்றபடியே சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போனது உண்மைதான். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் கட்டம் போட்ட எண்ணைத் துடைத்தார்.

"மாநாட்டுல யாராவது கேள்வி கேட்டு மாட்டிருந்தா ரெண்டு பேர் மானமும் போயிருக்கும். நீங்களே கண்டுபிடிச்சீங்க, அதுவரைக்கும் நல்லது. பேசுங்க. முந்நூத்தைம்பதையே பேசுங்க."

அவள் நேரே கீழ்த்தளத்துக்குப் போனாள். பாதியாகிவிட்டது என்று கேட்டதும் உலைக்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"பாதின்னாலும் பரவால்ல. பாத்துட்டு சொன்னீங்க இல்ல? செய்வோம் அக்கா."

மூன்று வாரம் என்றது ஏழு வாரம் ஆயிற்று. முதல் தடவை பொடி கரியாய்ப் போனது. இரண்டாம் தடவை கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டது. இதற்கிடையில் அவள் மாநாட்டுக்குப் போய் முந்நூற்றைம்பதைப் பேசிவிட்டு வந்தாள். அரங்கில் பாதி நாற்காலி காலி. வந்தவர்கள் கவனமாகக் கேட்டார்கள். மூன்றாம் தடவை செய்த பொடியில் பேட்டரி உருவானது. அதை அளந்தபோது முந்நூற்றுப் பத்து காட்டியது. ஐம்பது தடவை மின்னேற்றி இறக்கியும் இருநூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போகவில்லை. கணக்கும் கைவேலையும் அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதை அந்தக் குழு அதற்கு முன் பார்த்ததில்லை.

கட்டுரை எழுதும்போது உலைக்காரர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போட வேண்டும் என்றாள். வழக்கமாக அவர் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில்தான் வரும். தலைவர் யோசித்துவிட்டு, "போடுங்க, நியாயந்தான்" என்றார்.

அச்சான பிரதியை அவரிடம் கொடுத்தபோது, கையைப் பேண்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினார். மறுநாள் காலை மாடியேறி வந்தார்.

"என் வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டா அக்கா. என் பேரு ஏன் ரெண்டாவதா இருக்குன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அக்கா கணக்கு தப்பாப் போட்டாங்க, அதை அவங்களே வந்து சொன்னாங்க, அதனால அவங்க முன்னாடி நிக்கிறாங்கன்னு சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் ஜன்னலோரம் நின்று, அடுத்த பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.