காலைக்குள் காய வேண்டிய சட்டை

முந்தாநாள் துவைத்து உலர்த்தும் மெஷினைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. பாதி காய்ந்த துணியின் புளித்த வாடை. திரையில் பழுதைச் சொல்லும் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னிக்கொண்டிருந்தன. டிரம்மின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் வெளியே போகாவிட்டால் டிரையர் ஓடாது, அது எனக்கு மனப்பாடம். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எரிச்சல்கூட வரவில்லை. அவர் தவறிய பிறகு எனக்கு எதுவுமே சட்டென்று வருவதில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மலேசியாவில் எங்கள் ஊரான கெலாங் பாத்தாவிலிருந்து பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர். வெள்ளை யூனிஃபார்ம், இரண்டே செட். அழுக்கான ஒன்றை அங்கேயே மறந்து விட்டுவரும் பழக்கம் அவருக்கு, அதனால் வீட்டில் இருப்பது ஒன்றுதான். மழைக்காலத்தில் ஈரச் சட்டையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்ததும் உண்டு. இன்னொரு முறை ஆனால் வேலையே போய்விடும் என்ற நிலையில், வீட்டைக் காலி செய்த ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்திடம் இந்த மெஷினைக் கேட்டு வாங்கி லாரியில் கொண்டுவந்தார். நான் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன். சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கி, அவர் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தது தனிக் கதை.

ஒரு மழைநாள் சாயங்காலம் மெஷின் நின்றுபோனது. உள்ளே யூனிஃபார்ம் சொட்டச் சொட்டக் கிடந்தது. சூடு வரவில்லை, ஹீட்டர்தான் போய்விட்டது என்று நான் பெரிய மெக்கானிக் மாதிரி தீர்ப்பு சொன்னேன். உதிரிபாகக் கடை பாய் போனிலேயே கேட்டார்: “தண்ணி வெளிய போகுதா தங்கச்சி?” போகவில்லை. பம்ப்தான் என்றார். ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணைச் சொல்லி வாங்கி வந்தோம். பொருந்தவே இல்லை. அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பக் கடைக்கே போனோம்.

“மெஷின் சிங்கப்பூர்லேருந்து வந்ததா? அத முதல்ல சொல்லக்கூடாதா? பேரு ஒண்ணாத்தான் இருக்கும், வயிறு வேற லா. பழச கழட்டிக் கொண்டாங்க.”

பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் எல்லாருக்கும் நடக்கிற கூத்துதான் இது. பழைய பம்பை பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்தேன். அழுக்குத் தண்ணீர் வழிநெடுக என் பாவாடையில் ஒழுகியது. பாய் கதவைப் பாதி இறக்கி வைத்துக் காத்திருந்தார். கொக்கியில் தொங்கிய பம்புகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “காலையில யூனிஃபார்ம் வேணும் பாய்,” என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். “கெடைக்கும்மா, அழாத,” என்றார். கிடைத்தது.

விடிவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டு, “நானே ரொட்டி மாதிரி இருக்கேன்மா,” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் காலையில் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். பாய், மகன் வீட்டோடு இருக்கக் காஹாங் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நேற்று வந்த மெக்கானிக் தம்பி ஸ்டிக்கரை போனில் படம் எடுத்தார்.

“அது சிங்கப்பூர் மெஷின் தம்பி, பழச கழட்டிப் பாருங்க,” என்றேன்.

கழற்றிப் பார்த்துவிட்டு, “ஆர்டர் போடணும்க்கா, வர மூணு வாரம் ஆகும் லா. அவசரமா?” என்றார்.

“காலையில…” என்று வாய் தானாகத் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

“இல்ல தம்பி. மெதுவா வரட்டும்.”

மெஷினுக்குள் என் நைட்டியும் ஒரு துண்டும்தான் கிடந்தன. காலைக்குள் காய வேண்டியது என்று இந்த வீட்டில் இப்போது எதுவும் இல்லை.