கைபிடிக்கு விட்ட தேங்காயெண்ணெய்

டென்மார்க்கின் கோல்டிங்கில் எங்களுக்கு மேல்மாடியை வாடகைக்குத் தந்த டேனிஷ் கிழவருக்கு மான் வேட்டை என்றால் பைத்தியம். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிவந்து, நிலவறையில் இருந்து தானே வெடிமருந்து நிரப்புவார். அதற்கென்று ஒரு கருவி வைத்திருந்தார். மேலே மருந்துக் குப்பி, பக்கத்தில் கைபிடி. கைபிடியை இழுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மருந்து கீழே கொட்டவேண்டும். கொட்டினால்தானே! ஒருதரம் கூடும், ஒருதரம் குறையும். இன்னொருதரம் குழாயில் அடைபட்டு ஒன்றுமே வராது, அடுத்த இழுப்பில் இரண்டு பங்காகத் தொப்பென்று விழும்.

அவருக்குக் கண் மங்கல். ஆகவே சனிக்கிழமைகளில், பள்ளிக்கூடத்தில் கணக்கே ஏறாத என்னைப் பிடித்துத் தராசு முள் பார்க்க வைத்தார். "கூட" என்பேன். மருந்து திரும்பக் குப்பிக்குள் போகும். "குறைய" என்பேன். அதுவும் திரும்பக் குப்பிக்குள். அவர் கருவியைத் தட்டுவார், முறைப்பார், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத டேனிஷில் திட்டுவார். வெளியே என் வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற சத்தம் கேட்கும். ஒரு தோட்டா முடிவதற்குள் அந்த மான் பேரன் பேத்தி கண்டு தானாகவே செத்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

இனிப் போகமாட்டேன் என்று அப்பாவிடம் அழுது பார்த்தேன்.

"பிள்ளை, அந்த மனிசனுக்கு முகத்தைச் சுளிச்சுப் போடாதை. அவரின்ரை போனிலைதான் அம்மா கதைக்கிறா."

அது உண்மை. அப்பாவும் நானும் அப்பாவின் தங்கையான அத்தையும் முதலில் வந்து சேர்ந்துவிட்டோம். அம்மாவும் தம்பியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். எங்களிடம் போன் இல்லை. ஞாயிறு காலையில் நிலவறைப் படியடியில் கிழவரின் போன் அடிக்கும். அவர் எடுத்துத் தந்தால்தான் எங்களுக்கு அம்மா.

தோட்டாக்களை முதன்முதல் கண்ட அன்று அத்தை தலையில் கைவைத்தார். "வெடிக்குப் பயந்து கடல் தாண்டி வந்தால், இஞ்ச ஒருத்தர் எங்கடை காலுக்குக் கீழை இருந்து வெடி செய்யிறார்!" ஆனாலும் ஊரில் கிழவர்களைக் கூப்பிடுவதுபோல் அவரை "அப்பு" என்றுதான் கூப்பிடுவார். அவரும் அதைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை அப்பு கோப்பி குடிக்கப் போயிருந்தார். என்னைக் கூட்டிப்போக வந்த அத்தை கைபிடியை இழுத்துப் பார்த்தார். அது கறகறவென்றது.

"எடியே, இது எண்ணெய் காணாமல் வறண்டு கிடக்கு. ஆம்பிளையளுக்கு இது விளங்குமே?"

என் தலை, தையல் மெஷின், கதவுப் பிணைச்சல், எதுவுமே அத்தையிடம் எண்ணெய்க்குத் தப்பியதில்லை. மேலே ஓடிப்போய், ஹீட்டருக்கு மேல் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, கருவியின் இடுக்கெல்லாம் தாராளமாக விட்டார். கைபிடி வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப பார். அப்பு நாளைக்கு என்னைக் கும்பிடுவார்."

அந்தப் போத்தல் எப்போதும் ஏன் ஹீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதை மட்டும் அத்தை மறந்துவிட்டார்.

ஞாயிறு காலை நாங்கள் மூவரும் போனுக்காகப் படியில் நின்றபோது கீழே அப்புவின் கத்தல் கேட்டது. குளிர்ந்த நிலவறையில் எண்ணெய் வெள்ளைவெளேரென்று உறைந்து, மருந்தை எள்ளு மாதிரி அப்பிக்கொண்டு கிடந்தது. கைபிடி அசையவில்லை. அவர் அதை விரலால் வழித்து மணந்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

"எங்கடை ஊரிலை எல்லா மெசினுக்கும் இதுதான் விடுறது எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அத்தை என் முதுகுக்குப் பின்னால் நின்று.

சொன்னேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார்.

"என்னவாம் அப்பு?" என்றார் அத்தை.

"எண்ணெய் பட்ட மருந்தை நம்பேலாதாம். எல்லாத்தையும் எறியவேணுமாம். இனி இந்தப் பக்கம் ஒருத்தரும் காலடி வைக்கக்கூடாதாம்."

அப்பா போனைப் பார்த்தார். அதுவும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அது அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அப்பு கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தார், கேட்டார், என்னைப் பார்த்தார். வைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன், கொழகொழவென்றது.

"அங்கை விசாவைப் பற்றி ஏதும் சொன்னவங்களே பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா. பாக்கினமாம்." எனக்கு எரிச்சல் வந்தது. "எப்பதான் வாறியள்?"

அடுத்த சனிக்கிழமை அப்பு என்னைக் கூப்பிட்டார். அத்தைக்கு விரலை ஆட்டிக் காட்டி நிலவறைக் கதவைச் சாத்தினார். ஞாயிறு காலைகளில் மட்டும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. கருவியைக் கழற்றிக் கழுவிப் புது மருந்து போட்டிருந்தார். பழையபடி கூட, குறைய, கூட. எனக்குப் பொறுமை போய்விட்டது. கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, மானுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன்.

குறைந்தால் மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து துடிக்கும், கூடினால் துவக்கு தன் முகத்திலேயே வெடிக்கும் என்றார். அதனால்தான் சுணங்குகிறது என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சொன்னேன்: அம்மாவின் விசாக் கடதாசியையும் கோபன்ஹேகனில் ஒருவர் இப்படித்தான் கவனமாக நிறுத்துப் பார்க்கிறாராக்கும், அதுதான் சுணக்கம்.

"ஓம் பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அப்பா.

மேலிடத்து உத்தரவில் எங்கள் தமிழ் ஆட்களின் கடதாசிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அங்கே ஒருவருமே கைபிடியைத் தொடவில்லை என்பது அப்போது அவருக்கும் தெரியாது.