கார்ப்பெட்டில் கொட்டிய முட்டைப் பால்

என் மகளின் உயிருக்கு நானே உலை வைக்கப் பார்த்தேன். பல வருஷம் கழித்துத்தான் இதை எழுதுகிறேன். அத்தனைக்கும் ஆரம்பம் ஒரு தம்ளர் முட்டைப் பால்.

எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. என் கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்குக் கிண்டியில் ஆபீஸ், போக வர மின்சார ரயில். மகளுக்கு ஏழு வயது, எலும்பும் தோலுமாக இருப்பாள். பச்சை முட்டையைப் பாலில் அடித்து, மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அதைக் கண்டாலே குமட்டும். ஒருநாள் காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தம்ளரை அப்படியே கார்ப்பெட்டில் கவிழ்த்துவிட்டாள்.

மஸ்கட்டிலிருந்து என் தம்பி தூக்கிக்கொண்டு வந்த கார்ப்பெட் அது. கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. அந்தத் தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் கார்ப்பெட் என்ற பெருமை எனக்கு. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கொண்டுவந்து கறைமேல் ஊற்றினேன். எந்தக் கறைக்கும் வெந்நீர் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். பச்சை முட்டை வெந்து நூலோடு நூலாக ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது புத்தியில் உறைக்கவில்லை. சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்தால் வெள்ளைப் பூவில் இருந்த மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. எலுமிச்சம்பழம் பிழிந்தேன், மறுபடி மஞ்சளானது. தாளைப் போல் உலர்ந்த முட்டையைச் சீப்பால் சுரண்டிச் சுரண்டி விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் நாற்றம் கிளம்பியது. அழுகின முட்டை நாற்றம். ஆப்ப சோடா தூவி ஊறவைத்துத் தட்டினேன். வினிகரை நனைத்து ஒற்றினேன். வெயிலில் காயப்போட்டதில் மஞ்சள் கொஞ்சம் வெளிறியது, நாற்றம் அடங்கினாற்போல் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடித்தது. ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. கணவருக்கு சைனஸ், மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. "உன் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போ" என்று கேலி செய்வார். என் மூக்குமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அது கார்ப்பெட் நாற்றம்தான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

பாத்திரம் தேய்க்க வரும் பெண் ஒருநாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னாக்கா, எப்பப் பாரு இத்தையே தேய்ச்சிகினு கீற? வீச்சம் இதுல இல்ல. அடுப்பாண்ட வந்து மோந்து பாரு."

கார்ப்பெட்டைத் தட்டச் சொல்லிவிடுவேனோ என்று நழுவுகிறாள் என நினைத்தேன். "உடம்பு வணங்கலைன்னா சொல்லிடு, கதை சொல்லாதே" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாற்றத்துக்கு நான் கண்ட கடைசி வழி சாம்பிராணி. வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் கால் கழுவுவேன். கொட்டாங்குச்சியைக் கொளுத்தித் தணலாக்கித் தூபக்காலில் எடுத்துக்கொண்டு, சமையலறை வழியாக ஹாலுக்குப் போய்க் கார்ப்பெட்டைச் சுற்றிப் புகை காட்டுவேன். நாற்றம் கூடின வாரம் தணலையும் கூட்டுவேன். எங்கள் பக்கம் கொசு பிடுங்கி எடுத்துவிடும், ஐந்தரைக்கெல்லாம் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் நான் வந்து புகை போட்டு முடிக்கும்வரை சாத்த விடமாட்டேன். அது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம், அதுவும் தெரியாமல் செய்தது.

அந்த வெள்ளிக்கிழமை ரயில் தாமதம். நான் வரும்போது ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வழக்கம்போல் கொல்லைக்குப் போய்த் தணல் போட்டேன். தூபக்காலைத் தூக்கிக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தேன். பாதி வழியிலேயே நாற்றம் அடித்தது. என்றைக்கும் இல்லாத அளவு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னிக்கு இந்தக் கார்ப்பெட்டைக் கொளுத்திட்டுத்தான் மறு வேலை!" என்று கத்தினேன்.

தலைக்குமேல் மொட்டை மாடியிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். "அதை ஏன் திட்டறே? இங்கதான் கிடக்கு. மதியம் வந்ததும் தூக்கிட்டு வந்து வெயில்ல போட்டேன், இப்பத்தான் தட்டிக்கிட்டிருக்கேன்."

கார்ப்பெட் வீட்டில் இல்லை. என் கையில் தணல் கனன்றுகொண்டிருந்தது. கதவு மூன்றடி தூரத்தில். அடுப்பாண்ட வந்து மோந்து பாரு என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

திரும்பி ஓடித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து அண்டாத் தண்ணீரில் தணலைத் தூபக்காலோடு முக்கினேன். உள்ளே ஓடினேன். ஹாலில், கார்ப்பெட் எடுத்த வெறுந்தரையில், வீட்டுப்பாட நோட்டின்மேல் கன்னத்தை வைத்து மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். தூக்கம் கலைந்த எரிச்சலில் என் தோளைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று இருந்தது.

கணவர் இறங்கி வந்து, விளக்குச் சுவிட்சைத் தொடாமல் கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். அடுப்புக்குப் பின்னால் ரப்பர் ட்யூப் வெடித்திருந்தது. ஒரே நாளில் வந்த வெடிப்பு இல்லை, பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தது என்றார். கசிந்தால் தெரியட்டும் என்று கேஸில் கலக்கிற நாற்றமும் அழுகின முட்டை மாதிரிதான் இருக்கும்.

மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க வந்தவள் புது ட்யூபைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். காபி போடட்டுமா என்றுதான் வாயில் வந்தது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எது முட்டை நாற்றம், எது மற்றது என்று எனக்குத் தெரியாது. தணலை ஏந்திக்கொண்டு நான் அந்தச் சமையலறையைக் கடந்த ஒவ்வொரு தடவையும், பனை விசிறியால் தணலை வீசிக்கொண்டு என் மகள் கூடவே நடந்து வந்தாள்.